சமூக மன்றத்தில் மரச்செதுக்குக் குழு: கத்தி தீட்டுவதிலிருந்து பல்லாங்குழிப் பலகை வரை

மரம் செதுக்குவதைத் தனியாகவும் கற்றுக்கொள்ளலாம். ஆனால் தனியாகத் தொடங்கியவர்களில் பலர் மூன்றாம் மாதத்திற்குள் கத்தியை இழுப்பறைக்குள் வைத்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். ஆர்வக் குறைவை அதற்குக் காரணமாகச் சொல்ல முடியாது. அவர்களுடைய கத்தி மழுங்கியிருக்கும். மழுங்கியிருப்பது அவர்களுக்குத் தெரிந்திருக்காது. மரம் நார்நாராகப் பிய்ந்து வருவதைக் கண்டு, தம் கைக்கு இந்த வேலை வராது என்று முடிவு கட்டிவிடுவார்கள். பக்கத்தில் அமர்ந்திருக்கும் ஒருவர் அந்தக் கத்தியை வாங்கி, கூரை மெருகேற்றும் தோல்வாரில் சில முறை இழுத்துத் திருப்பிக் கொடுத்திருந்தால், அந்தக் கை இன்றும் செதுக்கிக்கொண்டிருக்கும். மரச்செதுக்கலுக்கு ஒரு குழு வேண்டும் என்று நான் சொல்வதற்கு முதற்காரணம் இதுதான்.

சிங்கப்பூரில் உங்கள் பேட்டையிலேயே அப்படி ஒரு குழுவைத் தொடங்கி, ஏறத்தாழ 12 வாரங்களில் எல்லோருடைய கையும் பட்ட ஒரு பல்லாங்குழிப் பலகையைச் செய்து முடிப்பது வரையிலான வழியை இங்கே எழுதியிருக்கிறேன். இதற்கு முன் உளியைத் தொட்டிராதவர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

முதல் படி: ஆட்களும் இடமும்

கற்க வருபவர்கள் 7 பேர், ஓரளவு தெரிந்தவர் ஒருவர் என்று தொடங்குங்கள். பல்லாங்குழிப் பலகையில் 14 குழிகள் இருப்பதால் ஆளுக்கு 2 குழி என்று கணக்கு சரியாக அமையும் என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமான காரணம், கூரிய கருவிகள் இருக்கும் அறையில் ஒருவர் கவனித்துக்கொள்ளக்கூடிய கைகளின் எண்ணிக்கை ஏழுக்கு மேல் போகாது என்பதாகும். வாரத்திற்கு ஒரு முறை, இரண்டு மணி நேரம் போதும். மூன்று மணி நேரம் வைத்துப் பார்த்தோம்; கடைசி அரை மணி நேரத்தில் கை சோர்ந்துபோகிறது, சோர்ந்த கைதான் வெட்டுப்படுகிறது.

இடத்திற்குச் சமூக மன்றத்தையோ வசிப்போர் குழு நிலையத்தையோ அணுகுங்கள். புளோக்கின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து செதுக்கலாமே என்று சிலர் கேட்பதுண்டு. நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. அங்கே பிள்ளைகள் ஓடி விளையாடுவார்கள், முதியவர்கள் கடந்து செல்வார்கள், காற்றில் சீவல்கள் பறக்கும். வீட்டில் செய்தாலோ, கொட்டாப்புளியால் உளியைத் தட்டும் ஒவ்வோர் ஓசையும் தரை வழியாகக் கீழ்வீட்டுக் கூரையில் போய் ஒலிக்கும். அறையைக் கேட்டு விண்ணப்பிக்கும்போது நான்கு தேவைகளைக் குறிப்பிடுங்கள்: ஆடாத கனமான மேசை, நல்ல வெளிச்சம், கூட்டித் துடைக்க எளிதான தரை, பூட்டக்கூடிய ஓர் அலமாரி. கம்பளம் விரித்த அறை வேண்டாம்.

பூட்டக்கூடிய அலமாரியைத் தனியாக வலியுறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. தக்க காரணமின்றிப் பொது இடத்தில் கூரிய ஆயுதத்தை வைத்திருப்பது சிங்கப்பூரில் குற்றம். செதுக்கு வகுப்புக்குப் போகிறேன் என்பது நியாயமான காரணம்தான் என்றாலும், எம்ஆர்டி ரயிலில் எட்டுப் பேர் பையில் கத்தியுடன் வந்துபோவதைவிட, கருவிகள் அனைத்தும் மன்றத்தின் அலமாரியிலேயே உறங்குவது எல்லோருக்கும் நிம்மதி. வீட்டில் பயிற்சி செய்ய விரும்புபவர் கருவியை உறையிலிட்டு, சுருட்டிக் கட்டி, பையின் அடியில் வைத்து நேராக வீட்டுக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

இரண்டாம் படி: மரம்

தொடங்குபவர்கள் செய்யும் பெரிய பிழை, கிடைத்த மரத்தில் செதுக்கத் தொடங்குவது. நம்மவர்களுக்கு மரம் என்றாலே தேக்குதான் நினைவுக்கு வரும். தேக்கு அழகானது, நீடித்து உழைப்பது; ஆனால் அதற்குள் மணல்போன்ற சிலிக்கா துகள்கள் இருப்பதால் உளியின் கூரை வெகு விரைவில் தின்றுவிடும். தீட்டவே இன்னும் கற்காதவர் கையில் தேக்கைக் கொடுப்பது அவருக்குச் செய்யும் உதவி ஆகாது.

நம் வட்டாரத்தின் சொந்த மரமான ஜெலுத்தோங் தொடக்கத்திற்கு மிகப் பொருத்தமானது. மலாய்த் தீபகற்பத்திலும் சுமத்ராவிலும் போர்னியோவிலும் வளரும் இந்த உயர்ந்த மரத்தின் பாலை ஒரு காலத்தில் சூயிங்கம் செய்யப் பயன்படுத்தினார்கள். மரம் வெளிர்மஞ்சளாக, மென்மையாக, சீரான நாரோட்டத்துடன் இருக்கும். காய்ந்த நிலையில் ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 460 கிலோகிராம்தான் என்பதால் கையில் தூக்கும்போதே அதன் மென்மை தெரியும். இதில் ஒரே ஒரு குறை உண்டு. பால் ஓடிய தடங்கள் மரத்தின் உள்ளே சிறு கண்கள்போல நீள்துளைகளாக ஆங்காங்கே தென்படும். பலகையை வாங்கும்போது இருபுறமும் திருப்பிப் பார்த்து, துளைகள் குறைந்ததைத் தேர்ந்தெடுங்கள். ஜெலுத்தோங் கிடைக்காதபோது இறக்குமதியாகும் பாஸ்வுட் நல்ல மாற்று. சுங்கை காடுட் வட்டாரத்து மரக்கடைகளில் வெட்டி மிஞ்சிய துண்டுகளைக் கேட்டுப் பார்க்கலாம். தேவை என்ன, எதற்காக என்று தெளிவாகச் சொன்னால் கடைக்காரர்களே நல்ல துண்டை எடுத்துக் காட்டுவார்கள்.

தமிழ்நாட்டில் பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச்சிற்பங்களுக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்குள்ள சிற்பிகள் வாகை, மா, வேம்பு போன்ற மரங்களில் சாமி உருவங்களைச் செதுக்குகிறார்கள். அதைக் கேள்விப்பட்டு, இங்கே சாலையோரத்தில் விழுந்து கிடக்கும் தூங்குமூஞ்சி மரக்கிளையை எடுத்து வரலாமா என்று ஒவ்வோர் ஆண்டும் யாராவது கேட்கிறார்கள். எடுக்கக் கூடாது. பூங்காக்களிலும் இயற்கை வனப்பகுதிகளிலும் உள்ள செடி, கொடி, மரம் ஆகியவற்றின் எந்தப் பகுதியையும் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதியின்றி எடுக்க முடியாது. மரம் வெட்டும் பணியை ஏற்ற குத்தகையாளரிடமோ உரிய அமைப்பிடமோ மன்றத்தின் பெயரில் முறையாகக் கேட்டுப் பெறுவதே வழி.

அப்படிப் பச்சை மரம் கிடைத்தால் அவசரப்படாதீர்கள். குழுவில் சேர்ந்த புதிதில் எனக்குக் கிடைத்த ஒரு மாமரத் துண்டை உருண்டையாகவே வீட்டுக்குக் கொண்டுவந்து, குளிரூட்டி ஓடும் அறையில் வைத்தேன். காலையில் எழுந்து பார்த்தபோது, நடுத்தண்டிலிருந்து விளிம்பு வரை விரல் நுழையும் அளவுக்கு வெடித்திருந்தது. மரம் காயும்போது எல்லாத் திசையிலும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. வளர்ச்சி வளையத்தை ஒட்டிய திசையில் ஏற்படும் சுருக்கம், நடுவிலிருந்து வெளியே செல்லும் திசையில் ஏற்படுவதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. நடுத்தண்டுடன் முழு உருண்டையாகக் காயும் மரம் அந்த இழுவையைத் தாங்காமல் வெடிக்கிறது. சிங்கப்பூரின் வெளிக்காற்றில் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல் இருப்பதும், குளிரூட்டிய அறையில் அது சட்டென்று இறங்குவதும் வெடிப்பை விரைவுபடுத்துகின்றன. ஆகவே துண்டை நடுத்தண்டு வழியாக இரண்டாகப் பிளந்து, இரு முனைகளிலும் மெழுகு பூசி, நிழலில் காற்றோட்டமான இடத்தில் மாதக்கணக்கில் காய விடுங்கள்.

சில மரங்களைத் தொடவே வேண்டாம். அரளியின் எல்லாப் பாகமும் நஞ்சு. இவ்வட்டாரத்து ரெங்காஸ் மரத்தின் பால் தோலைக் கொப்புளமாக்கும். மாமரமும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால், மாம்பாலால் வாய் ஓரம் வெந்துபோகும் இயல்புடையவர்கள் மாமரத் தூளிலிருந்தும் விலகியிருப்பது நல்லது. சரக்குப் பலகைகளைப் பிரித்தெடுத்த பைன் மரத்தைப் பயன்படுத்துவதானால், அதன்மேல் கோதுமைக் கதிர்ச் சின்னத்துடன் உள்ள முத்திரையைப் பாருங்கள்: வெப்பத்தால் பதப்படுத்தியதற்கு ‘எச்டி’ என்றும், மெத்தில் புரோமைடு என்ற நச்சுவாயுவால் பதப்படுத்தியதற்கு ‘எம்பி’ என்றும் குறித்திருப்பார்கள். முன்னதை மட்டும் எடுங்கள்.

மூன்றாம் படி: கருவிகள்

ஆளுக்கு ஒரு செதுக்குக் கத்தி, ஒரு வெட்டுத்தடுப்புக் கையுறை, கட்டைவிரலுக்கு ஒரு தோலுறை, ஒரு தோல்வார். கத்தியின் அலகு 4 முதல் 6 சென்டிமீட்டர் நீளம் இருந்தால் போதும். நீளம் கூடினால் முனை எங்கே இருக்கிறது என்பது புதியவருக்குத் தெரியாது.

பொதுவில் வாங்க வேண்டியவை குழியுளிகளும் தீட்டுக்கற்களும். குழியுளியின் வளைவை எண்ணால் குறிப்பார்கள். 3 என்றால் கிட்டத்தட்ட தட்டை, 9 என்றால் அரைவட்டம். 8ஆம் எண்ணில் 20 மில்லிமீட்டர் அகல உளி இரண்டும், 5ஆம் எண்ணில் ஒன்றும், இரு தகடுகள் கூராகச் சந்திக்கும் முக்கோண உளி ஒன்றும் முதல் ஆண்டு முழுவதற்கும் போதும். பன்னிரண்டு உளிகள் கொண்ட மலிவான பெட்டியை வாங்காதீர்கள். அந்த இரும்பு தீட்டிய கூரைப் பத்து நிமிடம்கூடத் தாங்காது. நல்ல உளி நான்கு, மட்டமான பன்னிரண்டைவிட நெடுங்காலம் உழைக்கும். உளியைத் தட்ட மரக் கொட்டாப்புளியே வேண்டும், இரும்புச் சுத்தியல் பிடியைச் சிதைத்துவிடும்.

நான்காம் படி: தீட்டுதல்

முதல் இரண்டு வாரமும் தீட்டுவதைத் தவிர வேறெதையும் செய்ய வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும். எதையாவது செய்து வீட்டுக்கு எடுத்துச்செல்லும் ஆசையுடன் வந்தவர்களிடம் கல்லையும் தண்ணீரையும் கொடுத்து உட்கார வைப்பது எளிதன்று. ஆனாலும் இந்த இரண்டு வாரத்தைத் தாண்டியவர்கள் பின்னர் விட்டுப்போவதில்லை.

1000 எண் தீட்டுக்கல்லை (எண் கூடக் கூடக் கல் நுண்மையாகும்) தண்ணீரில் ஊறவைத்து, வழுக்காத ரப்பர் விரிப்பின் மேல் வையுங்கள். கத்தியின் சரிவுப்பகுதி முழுவதையும் கறுப்பு மார்க்கர் பேனாவால் பூசுங்கள். சரிவு கல்லில் முழுமையாகப் படியும்படி கத்தியை வைத்து, இரண்டு முறை மட்டும் நகர்த்தி, எடுத்துப் பாருங்கள். மை எங்கே அழிந்திருக்கிறது? சரிவின் பின்பகுதியில் மட்டும் அழிந்திருந்தால் கத்தியை மிகவும் படுக்கையாகப் பிடித்திருக்கிறீர்கள். விளிம்பில் மட்டும் அழிந்திருந்தால் மிகவும் நிமிர்த்திவிட்டீர்கள். சரிவு முழுவதும் சீராக மை அழியும் கோணம் கைக்கு வந்த பிறகே தொடர்ந்து தீட்ட வேண்டும். கோணத்தைக் கண்ணால் அளக்க முயல்வதைவிட மையிடம் கேட்பது மேல்.

சற்று நேரத்தில் அலகின் மறுபக்கத்தில் மெல்லிய பிசிறு ஒன்று எழும். கட்டைவிரலை விளிம்பின் குறுக்கே, அலகிலிருந்து வெளிப்பக்கமாக மெதுவாக நகர்த்தினால் அது நகத்தில் மாட்டுவதுபோல உணர்வீர்கள். விளிம்பின் நீளத்தோடு விரலை ஓட்டிப் பார்க்கவே கூடாது. அடிமுதல் நுனிவரை பிசிறு எழுந்ததும் பக்கம் மாற்றுங்கள். பிறகு 4000 எண் கல்லில் இரு பக்கமும் இலேசாகத் தேய்த்து, பச்சை மெருகுப்பசை பூசிய தோல்வாருக்குப் போங்கள். தோல்வாரில் கத்தியைப் பின்பக்கமாக மட்டுமே இழுக்க வேண்டும். கூர்விளிம்பை முன்னே தள்ளினால் தோலை வெட்டிவிடும். பக்கத்திற்கு 20 இழுப்பு போதும். குழியுளியைத் தீட்டும்போது, கல்லில் பக்கவாட்டில் நகர்த்திக்கொண்டே மணிக்கட்டை உருட்டி, வளைவு முழுவதும் கல்லில் படச் செய்ய வேண்டும். உட்புறப் பிசிறை மெல்லிய வளைவுக் கல்லால் தனியாக எடுக்க வேண்டும்.

கூர் வந்துவிட்டதா என்பதைக் கைமயிரைச் சிரைத்துப் பார்ப்பதைவிட மரத்திடம் கேட்டறிவது சரி. மென்மரத் துண்டு ஒன்றை நாருக்குக் குறுக்காக வெட்டுங்கள். வெட்டுப்பட்ட இடம் மெருகிட்டதுபோல் பளபளத்தால் கருவி தயார். மங்கலாகவும் பொடிப்பொடியாகவும் இருந்தால் மறுபடி கல்லுக்கு. பளபளப்பின் நடுவே ஊசியால் கீறியதுபோல் ஒரு வெள்ளைக்கோடு ஓடினால், விளிம்பில் அந்த இடத்தில் ஒரு சிறு பல் விழுந்திருக்கிறது. எங்கள் குழுவின் மூத்தவர் இதைக் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை. மேசையின் அந்தக் கோடியில் அமர்ந்திருப்பவர் திடீரென்று தலையைத் தூக்கி, "தம்பி, அந்தச் சத்தம் சரியில்லை, வாரில் ஒரு தடவை இழுத்துட்டு வாங்க" என்பார். கூரான கத்தி மரத்தில் வழுக்கும்போது பட்டுத்துணி கிழிவதுபோல ஒலிக்கும். மழுங்கியது முறுக்கு கடிப்பதுபோல நொறுநொறுக்கும். குழுவில் அமர்ந்தால்தான் இந்த ஒலி வேறுபாடு காதில் ஏறும்.

செதுக்கும்போது 20 நிமிடத்திற்கு ஒரு முறை எல்லோரும் வேலையை நிறுத்தித் தோல்வாரில் இழுப்பதை வழக்கமாக்குங்கள். யாராவது ஒருவர் கைப்பேசியில் மணி வைத்துக்கொள்ளட்டும். வகுப்பு முடிந்ததும், வியர்வை பட்ட இரும்பைத் துடைத்து, தையல் இயந்திர எண்ணெய் ஒரு துளி தடவி, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களுடன் அலமாரியில் வையுங்கள். இதைத் தவறவிட்டால் அடுத்த வாரத்திற்குள் நம் ஊர்ப் புழுக்கத்தில் துருப்புள்ளிகள் தோன்றிவிடும்.

ஐந்தாம் படி: காவல்

செதுக்க உட்காரும் ஒவ்வொருவரும் கையை நீட்டிச் சுற்றிப் பார்த்து, அந்த வட்டத்திற்குள் வேறு யாரும் இல்லை என்பதை உறுதி செய்ய வேண்டும். மரத்தைப் பிடிக்கும் கையில் கையுறை. கத்தி பிடிக்கும் கையின் கட்டைவிரலில் தோலுறை. கையுறை கீறலைத் தடுக்கும், குத்தைத் தடுக்காது. மடியில் வைத்துச் செதுக்க அனுமதிக்காதீர்கள். தொடையில் பெரிய இரத்தக்குழாய் ஓடுகிறது. கத்தியைக் கைமாற்றும்போது மேசையில் வைக்க வேண்டும், மற்றவர் அங்கிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். கைதவறி விழும் கத்தியைப் பிடிக்க முயலாமல் காலைப் பின்னிழுத்துக்கொள்ளுங்கள். அதற்காகவே அறைக்குள் மூடிய காலணி கட்டாயம். முதலுதவிப் பெட்டி மேசைமேல், எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்க வேண்டும்.

ஆறாம் படி: ஒரு மரமுட்டை

மூன்றாம் வாரத்தில் ஆளுக்கு ஒரு ஜெலுத்தோங் கட்டை கொடுங்கள்: நான்கு சென்டிமீட்டர் சதுரம், ஆறு சென்டிமீட்டர் நீளம், நார் நீளவாக்கில் ஓட வேண்டும். அதிலிருந்து ஒரு கோழிமுட்டையைச் செதுக்கி எடுப்பதே அடுத்த மூன்று வாரத்து வேலை.

இந்த வாரங்களில் மூன்று வெட்டுகளைப் பழகினால் போதும். மரம் பிடித்த கையின் கட்டைவிரலால் கத்தியின் முதுகைத் தள்ளிச் செதுக்குவது முதலாவது. பெரும்பாலான வேலை இதில்தான் நடக்கும். உருளைக்கிழங்குத் தோல் சீவுவதுபோல் கத்தியைத் தன்பக்கம் இழுப்பது இரண்டாவது, தோலுறை இதற்காகத்தான். நாருக்குக் குறுக்காக ஆழக் கீறி, அடுத்து வரும் வெட்டு அந்தக் கோட்டைத் தாண்டாமல் நிறுத்துவது மூன்றாவது. முட்டைக்கு இது தேவைப்படாது, பின்னால் எழுத்தும் கோலமும் செதுக்கும்போது உதவும்.

முட்டையைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. முட்டையின் வயிற்றிலிருந்து முனையை நோக்கிச் செதுக்கினால் கத்தி வெண்ணெயில்போல் இறங்கும். முனையிலிருந்து வயிற்றை நோக்கி ஏற முயன்றால், கத்தி நார்களுக்கு அடியில் புகுந்து அவற்றைக் கிளப்பிப் பிளக்கும். நார் போகும் போக்கை எத்தனை முறை வாயால் விளக்கினாலும், இந்த ஒரு பிளவைக் கையால் உணர்ந்த பிறகே அது புரிகிறது. முதல் முட்டை கோணலாகத்தான் வரும். அதன் அடியில் தேதியை எழுதி அலமாரியில் வைத்துவிட்டு இரண்டாவதைத் தொடங்கச் சொல்லுங்கள்.

இந்த வாரங்களுக்கிடையே ஒரு சனிக்கிழமை, லிட்டில் இந்தியாவின் கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையத்திற்கு எல்லோரும் சேர்ந்து போய்வாருங்கள். 2015இல் திறக்கப்பட்ட அந்த நிலையத்தில், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த செட்டிநாட்டு மரவாசல் ஒன்று இருக்கிறது. அதன் முன் நின்று உருவங்களை எண்ணிக்கொண்டிருக்காமல், பின்னணி எவ்வளவு ஆழம் தோண்டப்பட்டிருக்கிறது, உருவத்தின் ஓரம் எந்தச் சரிவில் இறங்குகிறது, நிழல் எங்கே விழுகிறது என்று பாருங்கள். முட்டை செதுக்கிய கைக்கு அந்த வாசல் வேறுவிதமாகத் தெரியும்.

ஏழாம் படி: பல்லாங்குழிப் பலகை

பலகை 45 சென்டிமீட்டர் நீளம், 15 சென்டிமீட்டர் அகலம், 4 சென்டிமீட்டர் கனம், நார் நீளவாக்கில். ஒவ்வொரு குழியும் 50 மில்லிமீட்டர் விட்டம், 20 மில்லிமீட்டர் ஆழம். ஒரு வரிசையில் அடுத்தடுத்த குழிகளின் மையங்களுக்கு இடையே 60 மில்லிமீட்டர், இரு வரிசைகளின் மையக்கோடுகளுக்கு இடையே 65 மில்லிமீட்டர். இந்தக் கணக்கில் பலகையின் இரு முனைகளிலும் 20 மில்லிமீட்டர் மிஞ்சும். வட்டங்களைக் கவராயத்தால் வரையுங்கள். கெட்டியான அட்டையில் 26 மில்லிமீட்டர் ஆர வளைவொன்றை வெட்டி வைத்துக்கொண்டால், அதைக் குழிக்குள் நிறுத்திப் பார்த்தே எல்லோருடைய குழியும் ஒரே வடிவில் வருகிறதா என்று சரிபார்க்கலாம். ஏழு கைகள் செய்யும் பலகைக்கு இந்த அட்டை இன்றியமையாதது.

பலகையில் கைவைக்கும் முன் ஒவ்வொருவரும் மிச்சத் துண்டில் ஒரு குழியாவது தோண்டிப் பழக வேண்டும். பிறகு பலகையைக் கிளாம்ப் கொண்டு மேசையில் இறுக்கி, இரு நீளப் பக்கங்களிலும் ஆளுக்கொருவராக ஒரு நேரத்தில் இரண்டு பேர் மட்டும் வேலை செய்யட்டும். மற்றவர்கள் தீட்டலாம், அல்லது தம் இரண்டாம் முட்டையைத் தொடரலாம்.

8ஆம் எண் குழியுளியை எடுத்து, வட்டத்தின் நடுவில், நாருக்குக் குறுக்காகச் சிறு சிறு வெட்டுகளாகத் தொடங்குங்கள். நடுவில் ஒரு சிறு பள்ளம் விழுந்ததும் அதைச் சுற்றி அகலப்படுத்திக்கொண்டே ஆழம் போங்கள். கோட்டுக்கு 2 மில்லிமீட்டர் உள்ளேயே நின்றுகொள்ளுங்கள். முட்டையில் கற்றது இங்கே தலைகீழாகும். முட்டையில் வயிற்றிலிருந்து முனைக்கு இறங்கிய கை, குழியில் விளிம்பிலிருந்து அடியை நோக்கி இறங்க வேண்டும். பலகையின் இடக்கோடியைப் பார்த்த சுவரை இடமிருந்து அடிக்கும், வலக்கோடியைப் பார்த்த சுவரை வலமிருந்து அடிக்கும் வெட்ட வேண்டும். இறங்கும்போது சீவல் முழுமையாகச் சுருண்டு வரும், உளியின் பின்னே தரை பளபளக்கும். அடியைத் தொட்ட நொடியில் கையை நிறுத்த வேண்டும். நிறுத்தாமல் எதிர்ச்சுவரில் அரை விரற்கடை ஏறினாலும் ஓசை மாறும். மெல்லிய ‘டிக்’ என்ற ஒலியுடன் ஒரு சிலாம்பு கிளம்பி நிற்கும். அதைப் பிடுங்காதீர்கள். எதிர்ப்பக்கத்திலிருந்து இறங்கி அதை வெட்டி எடுங்கள்.

ஒரே வரிசையில் அடுத்தடுத்த இரு குழிகளுக்கிடையே 10 மில்லிமீட்டர் அகல வரப்பு ஒன்று மிஞ்சுகிறது. பலகையிலேயே பலவீனமான இடம் அதுதான், ஏனென்றால் அங்குள்ள நார்கள் மிகக் குட்டையானவை. உளியை வரப்பின்மேல் சாய்த்து நெம்பினால் வரப்பு உடைந்து கையோடு வந்துவிடும். சீவலை நெம்பி எடுக்காமல் வெட்டி முடித்தே எடுக்க வேண்டும். தப்பித்தவறி உடைந்தால் துண்டைத் தேடி எடுத்து மரப்பசையால் ஒட்டி, ஒரு நாள் இறுக்கி வையுங்கள். ஒட்டிய தடம் பெரும்பாலும் தெரியாது. குழிக்குள் பால்தடத் துளை எட்டிப் பார்த்தால் அதே மரத்தின் தூளைப் பசையில் குழைத்து அடைக்கலாம்.

கடைசி 2 மில்லிமீட்டரைக் கோடுவரை வெட்டும் வேலையைப் புதிதாகத் தீட்டிய உளியால், கொட்டாப்புளி இல்லாமல், கையழுத்தத்தால் மட்டுமே செய்யுங்கள். ஏழு பேரும் முடிக்க நான்கைந்து வாரமாகும்.

எட்டாம் படி: மெருகு

உளிவேலை முழுவதும் முடியும் வரை உப்புத்தாளைத் தொட வேண்டாம். தாளிலிருந்து உதிரும் மணல் மரத்துளைகளில் தங்கி, அடுத்து வரும் உளியின் கூரைக் கெடுக்கும். 120, 180, 240 எண் தாள்களால் அதே வரிசையில், நாரோடு தேய்த்தால் போதும். தேய்க்கும்போது என்95 முகக்கவசம் அணியுங்கள். மரத்தூளை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இலேயே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்தியிருக்கிறது. தூளைத் துடைப்பத்தால் கிளப்பாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

பலகைக்குக் கனிம எண்ணெய் எளிது; மருந்துக்கடைகளில் லிக்விட் பாரஃபின் என்ற பெயரில் கிடைக்கும். கெட்டியான பூச்சு வேண்டுமானால் ஆளிவிதை எண்ணெய் பூசலாம், ஆனால் அது நனைந்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடக் கூடாது. அந்த எண்ணெய் காற்றில் இறுகும்போது வெப்பம் வெளிப்படும். சுருட்டிய துணிக்குள் அந்த வெப்பம் தேங்கித் தானாகவே தீப்பற்றக்கூடும். துணியைத் தண்ணீரில் நனைத்து, விரித்து உலர்த்தி, அதன் பிறகே அப்புறப்படுத்துங்கள். அடுக்குமாடி வீட்டிலும் மன்றத்திலும் இதை யாரும் மறக்கக் கூடாது.

எண்ணெய் உலர்ந்ததும் குழிக்கு 5 வீதம் 70 மஞ்சாடி விதைகளைப் போடுங்கள். இங்கே சாகா விதை என்று பிள்ளைகள் பொறுக்கிச் சேர்க்கும் அதே சிவப்பு விதைதான். நான்கு விரல்களைக் குழிக்குள் விட்டு ஒரே அள்ளில் ஐந்தையும் எடுத்துப் பாருங்கள். ஏதேனும் ஒரு விதை அடியில் தங்கினால் அந்தக் குழியின் அடி தட்டையாக இருக்கிறது அல்லது மேடு ஒன்று மிஞ்சியிருக்கிறது. அந்தக் குழியைச் செதுக்கியவர் 5ஆம் எண் உளியால் மறுபடி வழித்து, தேய்த்து, எண்ணெயிட வேண்டும். 14 குழியும் தேறிய பிறகு பலகையின் அடியில் ஏழு பேரின் பெயரையும் முக்கோண உளியால் எழுதி, குளிரூட்டியின் நேர்க்காற்று படாத அலமாரித் தட்டில் வையுங்கள்.